பிரஷர் மெசினில் வேகம் இல்லை: பம்ப் முடிந்துவிட்டதா?

கேள்வி, சாவகச்சேரியில் இருந்து. 12.07.2025, காலை

அண்ணைமார், தண்ணீரைப் பீச்சி அடித்துக் கழுவுகிற பிரஷர் மெசின், மூன்று வருடம் பாவித்தது. பாரமானது, பம்புக்கு ஓயில் விடுகிற வகை. தகட்டில் அழுத்தம் 110 பார், நிமிடத்துக்கு 7 லீற்றர் என்று போட்டிருக்கிறது. போட்டதும் பத்துப் பதினைந்து செக்கன் நன்றாக அடிக்கும். பிறகு பூவாளித் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். நிற்பாட்டிக் கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் திரும்பவும் அதே கதை. ரவுணில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கழற்றிக்கூடப் பார்க்கவில்லை, "பம்ப் முடிஞ்சுது, புதுசு போடுங்கோ" என்றார்கள். பம்பின் விலை மெசினின் விலையில் பாதிக்கு மேல். நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் மதில், முற்றம் எல்லாம் கழுவவேண்டும். பம்ப் வாங்கவா, மெசினையே மாற்றவா?

12.07.2025, மதியம்

இரண்டும் வேண்டாம். காசைப் பொக்கற்றிலேயே வைத்திருங்கள்.

பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அது தண்ணீரைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். நிமிடத்துக்கு 7 லீற்றர் தண்ணீரை நொசிலின் ஊசித்துளை வழியாகப் போகச் சொல்லும்போது அங்கே ஏற்படும் நெருக்கடிதான் அழுத்தம். ஆகவே அழுத்தம் குறைந்தால் மூன்று இடம் இருக்கிறது: தண்ணீர் வருகிற பக்கம், தண்ணீர் போகிற பக்கம், நடுவில் பம்ப். கடைக்காரர் நடுவில் தொடங்கினார். அதில்தான் விலை கூட.

முதலில் வெட்கக்கேடான காரணத்தைப் பார்த்துவிடுங்கள். நொசில் திருகுகிற வகை என்றால் சவர்க்காரம் போடும் நிலையில் நிற்கிறதா? நிறம் நிறமாகக் கழற்றிப் போடுகிற வகை என்றால் கறுப்பு நொசில் போட்டிருக்கிறீர்களா? கறுப்பு சவர்க்காரத்துக்கு, அதில் அழுத்தமே வராது. மற்ற நிறங்கள் தண்ணீர் விரிகிற கோணத்தைக் காட்டும்: சிவப்பு 0 பாகை, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. என் மைத்துனர் கறுப்பைப் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிறு முழுக்க மெசினைத் திட்டினார்.

ஆனால் உங்களுடையது அதுவாக இருக்காது. அப்படியென்றால் தொடக்கத்தில் இருந்தே அடிக்காது. "முதலில் நல்லாய் அடிச்சுப் பிறகு விழுகுது" என்றால் மெசினுக்குத் தண்ணீர் காணாது என்று அர்த்தம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மேலே தாங்கியில் இருந்து என்றால் தண்ணீர் மட்டம் பைப்பில் இருந்து எவ்வளவு உயரம்? 3.5 மீற்றர் உயரம் இருந்தால் 3.5 பார் கிடைக்கும், தாராளம்.

மெசினின் தண்ணீர் வாயில் விரல்நுனி அளவில் ஒரு சல்லடை இருக்கும். கழற்றிக் கழுவுங்கள். எங்கள் பக்கக் கிணறு என்றால் செம்மண் குழம்பும் வெள்ளைக் கல்லும் கட்டியிருக்கும். சந்தேகத்துக்கு ஒருமுறை சல்லடை இல்லாமலே ஓட்டிப் பாருங்கள். அந்த இணைப்பில் காற்று இழுக்கிற மாதிரி இருந்தால் மரையில் வெள்ளை ரேப் (குழாய்ப் பொருத்தில் சுற்றுகிற மெல்லிய நாடா) இரண்டு சுற்றுச் சுற்றுங்கள்.

12.07.2025, இரவு

மானிப்பாயில் இருந்து ஒரு வாத்தியார் கணக்குத் திருத்தியிருக்கிறார். 10 மீற்றர் உயரத் தண்ணீருக்கு ஏறத்தாழ 1 பார். 3.5 மீற்றருக்கு 0.35 பார். நான் 3.5 என்று எழுதிவிட்டேன். பத்து மடங்கு. "இந்தக் கணக்கில் நல்லூர்க் கோபுரத்துக்கு மேலே தாங்கி வைத்தால் வீடு வீடாகத் தீயணைக்கலாம்" என்று நக்கல் வேறு. சரி, ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் பிழை திருந்தியதும் என் சந்தேகம் கூடிவிட்டது. 0.35 பார் என்பது ஒன்றுமே இல்லை. அந்தத் தள்ளலில் தண்ணீர் பைப் வழியாக நடந்துதான் வரும், ஓடி வராது. வழியில் சின்னத் தடை இருந்தாலும் போதும்.

13.07.2025

கேள்வி கேட்ட தம்பி வாளி வைத்துத் தண்ணீர் வரவை அளந்து பார்த்திருக்கிறார். தாங்கிப் பைப்பைத் திறந்துவிட்டு 10 லீற்றர் வாளி நிரம்ப 70 செக்கன். மெசினுக்கு நிமிடத்துக்கு 7 லீற்றர் என்றால் அதே வாளி 86 செக்கனுக்குள் நிரம்பவேண்டும். 70 என்றால் பாஸ். ஆகவே தண்ணீர்ப் பக்கம் சரி. நேற்று நான் சொன்னது பிழை போலிருக்கிறது.

சல்லடையையும் கழற்றினாராம். பாதி அடைத்திருந்தது. சல்லடை இல்லாமலும் ஓட்டிப் பார்த்தாராம், வித்தியாசம் இல்லை. ரேப்பும் சுற்றியிருக்கிறார். வித்தியாசம் இல்லை.

வோல்ற்றேஜ் குறைவு என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் எது பிழைத்தாலும் கரண்டைச் சொல்வது எங்களுக்குப் பழக்கம். ஆனால் யோசியுங்கள். தம்பியின் மெசின் பாரம், சத்தம் குறைவு என்கிறார், அது இண்டக்ஷன் மோட்டர். அந்த மோட்டரின் சுற்று வேகம் வோல்ற்றேஜோடு பெரிதாக ஏறி இறங்காது. வோல்ற்றேஜ் காணாவிட்டால் அது முனகும், சூடேறும், தொடங்க மறுக்கும், கடைசியில் பியூஸைத் தூக்கும். பூவாளி மாதிரி அடிக்காது. பாரமில்லாத, காது கிழியக் கத்துகிற சின்ன மெசின்கள் வேறு சாதி. அவற்றில் இருப்பது மிக்ஸியில் இருக்கிற மாதிரி கரி வைத்த மோட்டர். அது வோல்ற்றேஜ் குறைந்தால் சுற்றும் குறையும், தண்ணீரும் குறையும். உங்கள் மெசின் அது என்றால், 30 மீற்றர் மெல்லிய வயரில் இழுத்துப் பாவிக்கிறீர்கள் என்றால், கரண்டைத் திட்டலாம்.

அப்படியானால் மிச்சம் இருப்பது அன்லோடர் வால்வு. கைபிடியை விட்டதும் தண்ணீரைத் திருப்பிப் பம்புக்குள்ளேயே சுற்றவிடுகிற வால்வு அது. (கன் என்று சொல்வது எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் பிடிக்காது, அதனால் நான் கைபிடி என்றுதான் எழுதுவேன்.) அது திறந்தபடி இறுகிவிட்டால், பிடித்து அடிக்கும்போதும் பாதித் தண்ணீர் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். பம்பின் தலை வழமையை விடச் சூடாகும். தம்பி, தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

14.07.2025, விடிய 5 மணி

வாளியை எங்கே பிடித்தீர்கள்?

14.07.2025, காலை

மேலே உள்ளதை நித்திரைத் தூக்கத்தில் போட்டேன், விளக்கமாகச் சொல்கிறேன். தாங்கிப் பைப்புக்குக் கீழே பிடித்திருந்தால் அந்த 70 செக்கனுக்கு அர்த்தமே இல்லை. மெசின் குடிப்பது பைப்பில் இருந்து அல்ல, ஹோஸின் மற்ற நுனியில் இருந்து. ஹோஸை மெசினில் இருந்து கழற்றி, அந்த நுனியை வாளிக்குள் விட்டு அளக்கவேண்டும். நடுவில் என்ன என்ன பூட்டி இருக்கிறதோ அத்தனையும் பூட்டியபடி.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் அப்பா. சொல்லித் தந்தார் என்பதை விட, அடி வாங்கிப் பழகினேன் என்பது சரி. எங்களுக்குக் கோண்டாவிலில் வெங்காயத் தோட்டம். பொருளாதாரத் தடைக் காலத்தில் இறைக்கிற மெசினைப் பெற்றோல் கொஞ்சம் காட்டித் தொடக்கி, மண்ணெண்ணெயில் ஓடவிடுவோம். மெசின் நன்றாக ஓடும், தண்ணீர் வராது. நான் மெசினைச் சுற்றிச் சுற்றி வருவேன். அப்பா மெசினைப் பார்க்கவே மாட்டார். நேரே கிணற்றுக்குள் இறங்கி, இழுக்கிற பைப்பின் அடி நுனியில் இருக்கும் ஃபுட் வால்வைத் தூக்கிப் பார்ப்பார். ஒரு பூவரசம் இலை சிக்கியிருக்கும். இல்லாவிட்டால் இழுக்கிற பைப்பின் பொருத்தில் காற்றுப் போயிருக்கும். சைக்கிள் ரியூப்பை நாடா மாதிரி வெட்டி ஈரத்தோடு இறுக்கிச் சுற்றுவார். "காத்துக் குடிக்குது" என்பார், ஆளைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு நேற்று நான் வாளிக் கணக்கில் பாஸ் போட்டேன் பாருங்கள்.

16.07.2025

ஹோஸ் நுனியில் 10 லீற்றருக்கு 2 நிமிடம் 10 செக்கன்.

அதாவது நிமிடத்துக்கு 4.6 லீற்றர். மெசினுக்கு வேண்டியது 7. தம்பியின் ஹோஸ் அரை இஞ்சி, 20 மீற்றர், கடைச் சரக்கில் மலிவானது. தாங்கிப் பக்கத்தில் ஒருமுறை வெட்டுப்பட்டு, உள்ளே ஒரு சின்னக் குழாய்த் துண்டைச் செருகிக் கம்பி கட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். மிச்ச ஹோஸ் முற்றத்து வெயிலில் கிடக்கிறது. ஆடி மாத வெயில்.

இனி அந்தப் பதினைந்து செக்கன் புதிர். இதை எழுதாமல் விடமாட்டேன், எனக்கே இப்போதுதான் விளங்கியது. 20 மீற்றர் அரை இஞ்சி ஹோஸுக்குள் ஏறத்தாழ இரண்டரை லீற்றர் தண்ணீர் நிற்கும். மெசின் நிமிடத்துக்கு 7 கேட்கிறது, 4.6 வருகிறது, பற்றாக்குறை 2.4. செக்கனுக்கு 40 மில்லி லீற்றர். அந்தப் பற்றாக்குறையை மெசின் ஹோஸுக்குள் நிற்கும் தண்ணீரில் இருந்து உறிஞ்சும். வெயிலில் இளகிய ஹோஸ் சப்பையாகிக்கொண்டே கொடுக்கும். பதினைந்து செக்கனில் 600 மில்லி லீற்றர், அதாவது ஹோஸின் கொள்ளளவில் நாலில் ஒன்று. அதற்கு மேல் சப்பையாக இடமில்லை, அங்கே கதை முடிகிறது. நிற்பாட்டினால் ஹோஸ் மெல்ல நிறைந்து உருண்டை ஆகும், திரும்பப் போட்டால் திரும்பவும் பதினைந்து செக்கன்.

தம்பியை மெசின் ஓடும்போது ஹோஸைப் பார்க்கச் சொன்னேன். "அண்ணை, பாம்புச் சட்டை மாதிரிக் கிடக்கு" என்று பதில். மூன்று வருடமாக எல்லோரும் நொசில் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததற்கு ஏன் இவ்வளவு விழுகிறது என்று கேட்டவருக்கு: ஒரே நொசிலில் அழுத்தம் தண்ணீரளவின் வர்க்கத்தோடு போகும். 4.6 ஐ 7 ஆல் பிரித்தால் 0.66. அதை அதாலேயே பெருக்கினால் 0.43. 110 பார் 47 ஆகிவிடும், அதுவும் காற்றுக் கலக்காமல் இருந்தால். வாத்தியார் சரிபார்க்கட்டும்.

16.07.2025, சற்றுப் பிறகு

வாத்தியார் சரி என்றுவிட்டார். "இந்த முறை" என்ற சொல்லையும் சேர்த்து.

19.07.2025

தம்பி முக்கால் இஞ்சி ஹோஸ், நூல் பின்னிய தடித்த வகை, பொருத்து இல்லாமல் வாங்கிப் போட்டுவிட்டார். ஹோஸ் நுனியில் வாளி 75 செக்கன். மெசின் விழாமல் அடிக்கிறது. பம்ப் வாங்கவில்லை.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் அவர் கடைசி வரியில் ஒன்று எழுதியிருக்கிறார்: "அடி நல்லாய் இருக்கு அண்ணை, ஆனால் கைபிடி துள்ளுது, பிரஷர் ஹோஸ் நிலத்தில நடுங்குது. முந்தி இப்பிடி இல்லை."

முந்தி இப்படி இல்லை என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

20.07.2025

துள்ளல் பற்றி. இந்த வகைப் பம்புக்குள் பொதுவாக மூன்று பிளஞ்சர், அதாவது தண்ணீரைத் தள்ளுகிற தண்டுகள், இருக்கும். சாய்வான ஒரு தட்டு சுற்றச் சுற்ற, ஒன்றன் பின் ஒன்றாக அவற்றைத் தள்ளும். ஒவ்வொன்றுக்கும் உள்ளே விட ஒரு வால்வு, வெளியே விட ஒரு வால்வு, மொத்தம் ஆறு. சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு மூடி, ஒரு ஸ்பிரிங், ஒரு கூடு. மோட்டர் நிமிடத்துக்கு 2800 சுற்று என்றால் மூன்று பிளஞ்சரும் சேர்ந்து செக்கனுக்கு 140 தள்ளல். அதைக் கை உணராது, ஒரே இழுப்பாகத்தான் தெரியும். ஆறு வால்வில் ஒன்றுக்குள் ஏதாவது சிக்கி மூடாமல் நின்றால் மூன்றில் ஒரு தள்ளல் காணாமல் போகும். அப்போதுதான் துள்ளும்.

காற்று இழுத்தாலும் துள்ளும். ஆகவே முதலில் இது: நொசில் தண்டைக் கழற்றிவிட்டு, மோட்டரைப் போடாமல், கைபிடியை அழுத்தித் தண்ணீரை ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். குமிழி இல்லாமல் ஒரே சீராக வந்த பிறகு மோட்டரைப் போடுங்கள். நொசிலை ஊசியால் குத்தித் துப்புரவாக்குங்கள். அதற்குப் பிறகும் துள்ளினால் வால்வு.

பம்பின் ஓயில் எப்படி இருக்கிறது என்றும் கேட்டிருந்தேன். தெளிவாக இருக்கிறதாம். பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் சீல் போய்த் தண்ணீர் ஓயிலுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். பம்புக்குக் கீழே சொட்டும் இல்லையாம். கைபிடியை விட்டதும் மோட்டர் நிற்கிறது, தானாகத் திரும்ப விட்டு விட்டு ஓடுவதில்லை, ஆகவே அழுத்தப் பக்கத்தில் கசிவும் இல்லை. பம்ப் நல்ல பம்ப்.

வால்வைக் கழற்றப் போகிறவர்களுக்கு என் கதை. நான்கு வருடத்துக்கு முன் என் மெசினிலும் இதே மாதிரி வேகம் குறைந்தது. எனக்குத் தெரியாத பம்பா என்ற நினைப்பில் முற்றத்தில் சாக்கை விரித்துத் தலையைக் கழற்றினேன். ஒரு ஸ்பிரிங் துள்ளி மணலுக்குள் போய்விட்டது. காந்தம் கொண்டுவந்து தடவினேன். துருப்பிடிக்காத உருக்கு, காந்தத்துக்குப் பிடிபடவில்லை. கடைசியில் அம்மாவின் மா அரிக்கிற அரிதட்டை எடுத்து முற்றத்து மணலை அரித்தேன். ஸ்பிரிங் கிடைத்தது. அரிதட்டை நான் கழுவி வைத்தது காணாதாம், அன்று பிட்டு இல்லை. இவ்வளவும் செய்து பூட்டினால் வேகம் அதே குறைவு. பிழை நொசிலில் இருந்தது. மணல் கலந்த தண்ணீரில் அடித்து அடித்துத் துளை பெருத்திருக்கிறது. துளையின் விட்டம் பத்து வீதம் பெருத்தாலே பரப்பு 21 வீதம் கூடும், அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கண்ணுக்குத் தெரியாது. புது நொசில் போட்டு ஐந்து நிமிடத்தில் சரி.

ஆகவே தம்பி, மேசைக்கு மேலே, வெள்ளைத் துணி விரித்து, வெளிச்சத்தில். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் போனில் ஒரு படம்.

20.07.2025, இரவு

வால்வில் கல் படிந்திருந்தால் தேசிக்காய்ப்புளிக்குள் அல்லது வினாகிரிக்குள் ஊறவிடுங்கள். கேத்திலுக்குள் படிகிற அதே வெள்ளைக் கல்தான். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீர் அதற்குள்ளால் ஊறி வருகிறது, கல்லைக் கரைத்துக்கொண்டு வராமல் எப்படி வரும். பம்பின் தலையையே அப்படியே ஒரு இரவு ஊறவிட்டால் சுத்தமாகிவிடும்.

21.07.2025

மேலே கடைசி வசனத்தை அழியுங்கள். பம்பின் தலை அலுமினியமாக இருந்தால் புளி அதைத் தின்னும். சீல் இருக்கிற இடம் சொரசொரப்பாகிப் போனால் பிறகு எந்த சீலும் நிற்காது. ஊறவிடுவது வால்வையும் நொசிலையும் மட்டும், அதுவும் அரை மணித்தியாலம், பிறகு நல்ல தண்ணீரில் அலசவேண்டும். தலையைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்துக்குக் கையில் கிடைத்த கிறீஸைப் பூசாதீர்கள், சிலிக்கன் கிறீஸ்.

உவர்த் தண்ணீர்க் கிணறு உள்ளவர்களுக்கு, தீவுப் பக்கம், கடற்கரைப் பக்கம்: உப்பும் அதே வேலையைத்தான் செய்யும், மெதுவாக. பாவித்து முடிந்ததும் நல்ல தண்ணீர் இரண்டு வாளி உள்ளே ஓடவிட்டு வையுங்கள்.

27.07.2025

தம்பி வால்வைக் கழற்றிப் படம் போட்டிருக்கிறார். வெள்ளைத் துணி, வரிசையாக ஆறு வால்வு, ஆப்பரேஷன் மேசை மாதிரி வடிவாக வைத்திருக்கிறார். ஐந்து சுத்தம். ஆறாவதின் ஸ்பிரிங்கில் வெள்ளையாக ஒன்று சுருண்டு கிடக்கிறது. நானும் கல் என்றுதான் நினைத்தேன். பெருப்பித்துப் பார்த்தேன். கல் இல்லை.

வெள்ளை ரேப்.

12ஆம் திகதி மதியம் நான் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். சல்லடை இல்லாமல் ஓட்டுங்கள் என்றேன். அடுத்த வரியிலேயே மரையில் ரேப் சுற்றுங்கள் என்றேன். ரேப்பின் ஒரு நுனி கிழிந்து தண்ணீரோடு போயிருக்கிறது, மறித்து நிற்கவேண்டிய சல்லடை மேசையில் கிடந்திருக்கிறது. அதன் பிறகு நேரே வால்வுக்குள். முந்தி இல்லாத துள்ளல் எங்கிருந்து வந்தது என்றால் என்னிடம் இருந்து வந்தது. கடைக்காரர் பம்பைப் பார்க்காமல் பிழை சொன்னார். நானும் பார்க்கவில்லை, ஆனால் பிழையை உள்ளே அனுப்பியும் வைத்தேன்.

இன்னொன்று, அந்த இணைப்புக்கு ரேப் வேண்டியதே இல்லை. அங்கே தண்ணீரை மறிப்பது மரை அல்ல, உள்ளே இருக்கிற தட்டையான ரப்பர் வாஷர். காற்று இழுத்தால் அந்த வாஷரை மாற்றவேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் கை பழகிய பழக்கத்தில் ரேப் என்று எழுதிவிட்டேன். வீட்டுக் குழாய்வேலை செய்து செய்து வந்த வியாதி.

தம்பி கோபப்படவில்லை. "பரவாயில்லை அண்ணை, ஆறு வால்வும் கழற்றிப் பூட்டப் பழகிட்டன்" என்கிறார். பூட்டி ஓட்டினாராம், துள்ளல் இல்லை.

அன்லோடர் என்று நான் 13ஆம் திகதி சொன்னதை யாரும் கேட்கவில்லை, நல்லது. அதை எவரும் தொடவில்லை. அந்த ஸ்பிரிங்கை இறுக்கினால் அழுத்தம் கூடும் என்று ஒருவர் ஆலோசனை எழுதியிருக்கிறார். செய்யாதீர்கள். காரணம் வேறு இடத்தில் இருக்க அதை இறுக்கினால், காரணம் சரியான அன்று அழுத்தம் அளவுக்கு மேலே போகும். வெடிப்பது ஹோஸா சீலா என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

03.08.2025

நல்லூர்க் கொடி ஏறிவிட்டது, கனடா ஆட்கள் வந்துவிட்டார்கள், தம்பியின் மதில் வெள்ளையாக இருக்கிறது. சில இடங்களில் தேவைக்கு மேல் வெள்ளை, பெயின்ற்றும் சேர்ந்து போயிருக்கிறது. 0 பாகை நொசிலை மதிலுக்குக் கிட்டப் பிடித்தால் அதுதான் நடக்கும். மதிலுக்கு 40 பாகை, ஒரு முழம் தள்ளி.

அச்சுவேலியில் இருந்து ஒருவர் கிடுகு வேலியைக் கழுவினாராம். இப்போது வேலி இல்லை. இதற்கு என்னிடம் ஆலோசனை எதுவும் இல்லை.

கேட்டுக்கொண்டே இருப்பதால் இன்னும் இரண்டு விசயம். ஒன்று, கறுப்புத் தாங்கித் தண்ணீர். மத்தியானம் இரண்டு மணிக்குக் கையை விட்டுப் பாருங்கள், குளிக்க முடியாத சூடு. பெரும்பாலான வீட்டு மெசின்களுக்கு உள்ளே விடும் தண்ணீர் 40 பாகைக்கு மேல் கூடாது. வெயிலில் கிடந்த ஹோஸின் முதல் தண்ணீரைச் செடிக்கு விட்டுவிட்டுப் பிறகு பூட்டுங்கள். காலமை கழுவினால் இந்தப் பிரச்சினையே இல்லை, ஆனால் காலமை எழும்பவேண்டும்.

மற்றது பகிடி இல்லை. அடி எப்படி இருக்கிறது என்று நொசிலுக்கு முன்னால் கையைக் காட்டிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தம்பியே முதல் நாள் அப்படிப் பார்த்ததாக இப்போதுதான் சொல்கிறார். இந்த அழுத்தத்தில் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தின மாதிரிச் சின்னப் புள்ளிதான் தெரியும், நோவும் முதலில் பெரிதாக இராது, உள்ளே சதை கெட்டுக்கொண்டிருக்கும். அப்படி நடந்தால் மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், பிரஷர் மெசின் அடித்தது என்ற சொல்லைச் சொல்லவேண்டும். செருப்போடு காலைக் கழுவுவதும் இதில் அடங்கும்.

15.11.2025

மாரி தொடங்கிவிட்டது. கிணறு நிறைந்து நிற்கிறது, மதிலில் திரும்பவும் பாசி. மூன்று மாதமாக எழுதாததால் எனக்கும் மெசினுக்கும் ஏதோ நடந்துவிட்டது என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒன்றும் இல்லை, தோட்டம்.

தம்பியின் மெசின் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே பம்ப். ஓயில் மாற்றினாராம், சல்லடையை நூலில் கட்டி மெசினிலேயே தொங்கவிட்டிருக்கிறாராம், கழற்றினாலும் தொலையாமல் இருக்க. அயலில் இரண்டு வீட்டு மெசினையும் பார்த்துக் கொடுத்திருக்கிறார். ஒன்றில் கறுப்பு நொசில் பூட்டியிருந்ததாம்.

நானும் என் வீட்டு ஹோஸை வாளி வைத்து அளந்தேன். இவ்வளவு எழுதிவிட்டு அளக்காமல் இருக்க முடியுமா. என்ன வந்தது என்று சொல்லப்போவதில்லை. புது ஹோஸ் வாங்கிவிட்டேன்.

போன கிழமை தம்பி இந்தப் பக்கம் வந்தபோது பழைய ஹோஸில் இருந்து அந்தப் பொருத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார். இப்போது என் மேசையில் கிடக்கிறது. துருப்பிடித்த கட்டுக்கம்பி, உள்ளே குழாய்த் துண்டு, அதன் சுவரில் சுற்றிவரக் கல். ஒரு பென்சிலை விட்டுப் பார்த்தேன், நுழையவில்லை.